சத்யாவோடு விளையாடப் போகும் மகனுக்கு

சாமி,

சேர்வராயன் கோயில் திருநீற்றைப் பொட்டலம் மடித்து இதோடு வைத்திருக்கிறேன். உறையைப் பிரிக்கும்போது கொட்டிவிடாதே. நெற்றியில் இட்டுக்கொண்டு, சாப்பிட்டு முடித்து, பட்டறைச் சத்தம் அடங்கிய பிறகு நிதானமாக உட்கார்ந்து படி. அம்மா எதை எழுதினாலும் நீட்டி எழுதுவாள் என்று நீ சிரிப்பாய். இது அதைவிடவும் நீளம். இங்கே தலைச்சோலையில் எல்லோரும் சுகம். போன வாரத்து மழைக்குக் காப்பி பூத்து, கதவைத் திறந்தாலே வாசனை வந்து முகத்தில் மோதுகிறது. அப்பாவுக்கு இருமல் குறைந்துவிட்டது. பந்தல்காரனிடம் பேசி, வைகாசிக் கல்யாணத்துக்குச் சொல்லி வைத்துவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்துவிட்டுப் போனதிலிருந்து உன் முகம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. கோமதிக்கும் உனக்கும் கல்யாணம் என்றானதும் ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். புருஷனை இழந்தவள், கையில் பெண்குழந்தை, இவனுக்கு என்ன குறை என்று கேட்டார்கள். அதற்கெல்லாம் நீ கலங்கவில்லை. சத்யா, அந்த ஐந்து வயதுக் குழந்தை, உன்னைக் கலங்கடித்துவிட்டாள். சேலத்திலிருந்து நீ ஆசையாக வாங்கி வந்த, சாவி கொடுத்தால் நடக்கிற பொம்மையைப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். மறுபடி மூடினாள். அவர்கள் வீட்டு வாசலில் கிடந்த உன் செருப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நீ திரும்பிப் போகும்போது மறக்காமல் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று அதற்கு அர்த்தம். பஸ் ஏறும்போது நீ என்னிடம், "அம்மா, அந்தப் புள்ளைக்கு என்னையப் புடிக்கலைன்னா இந்தக் கல்யாணமே அதுக்கு நான் செய்யுற பாவமாயிருமுங்களா? பேசாம நிறுத்திரலாமுங்களா?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. அந்தக் கேள்விக்குத்தான் இவ்வளவு பெரிய பதில்.

உன்னைப் பெற்றவள் நான் இல்லை என்பது உனக்கும் ஊருக்கும் தெரிந்த சங்கதி. நீ எப்படி என் பிள்ளையானாய் என்பது ஊருக்குத் தெரியாது. உனக்கும் பாதிதான் நினைவிருக்கும். மீதியை இன்றைக்குச் சொல்லி வைக்கிறேன். கோமதியும் படிக்கட்டும். வேறு யாருக்காவது உபயோகப்படும் என்றால் அவர்களும் படிக்கட்டும்.

நான் ஓமலூர்ப் பக்கத்துக்காரி. இந்த மலைக்கு வாக்கப்பட்டு வந்தபோது ஐப்பசி மாதம், உனக்கு இப்போது சத்யாவுக்கு உள்ள வயது. உன் தாய் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு நீ இதே மலையில் வாழவந்தியில் அவளுடைய அண்ணன் வீட்டில், உன் மாமாவின் தோளிலேயே வளர்ந்தாய். அப்பா எஸ்டேட் ரைட்டர். விடிகிறபோதே ஆபீஸ் வாசலில் நின்று வேலைக்கு வந்தவர்களின் பெயரை எழுத வேண்டும். சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? என்னைக் கட்டிய பிறகு மாமாவே உன்னைக் கொண்டுவந்து விட்டார். உன்னைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு, என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்துச் சொன்னார். "மச்சான், புள்ளைய உட்டுட்டுப் போறனுங்க. பொங்கலுக்கு வருவேன். அதுக்குள்ள அந்தம்மாகிட்ட ஒட்டிக்கிச்சுன்னா நொம்ப சந்தோசம். மூஞ்சி வாடி மூலையில கெடந்துச்சுன்னா அன்னிக்கே தூக்கிட்டுப் போயிருவேன். அப்புறம் யாரும் ஒண்ணும் பேசப்படாது." அப்பா தலையாட்டினார். நானும் தலையாட்டினேன். நியாயமான பேச்சுதானே? தங்கச்சி பிள்ளையை முன்பின் தெரியாத ஒருத்தியிடம் விட்டுவிட்டு எந்த அண்ணன் நிம்மதியாகப் போவான்?

நீ நேராகக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டாய். அங்கேதான் உன் குடித்தனம். தட்டை வைத்துவிட்டு நான் அறையை விட்டுப் போனால் சாப்பிடுவாய். நான் நின்றால் கை வராது. பணியாரம் சுட்டேன். புது டவுசர் தைத்தேன். காலையில் விளக்கேற்றி, இந்தப் பிள்ளை என்னை அம்மா என்று கூப்பிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். கூப்பிடவில்லை. கூப்பிடாதது மட்டுமில்லை, என்னிடம் பேசவே இல்லை. ஆனால் நம் வீட்டுக் கோழியிடம் பேசுவாய். "இன்னிக்குக் குளிருது, நீ போத்திக்கோ" என்பாய். அடுப்படியில் நின்று அதைக் கேட்டுவிட்டு, கோழியாகப் பிறந்திருக்கலாமே என்று நினைத்திருக்கிறேன். உண்மையாகத்தான் சொல்கிறேன்.

ஒருநாள் மத்தியானம் குழாயடிக்குத் தண்ணீருக்குப் போனேன். நீ பின்னாலேயே, பத்தடி தள்ளி வந்துகொண்டிருந்தாய். என் மேல் பாசத்தில் இல்லை, கோழி வந்ததால். குடம் நிரம்புவதற்குள் பனிமூட்டம் இறங்கிவிட்டது. நான் சமவெளிக்காரி. வானம் தரைக்கு வந்து நிற்பதை அதற்கு முன் பார்த்ததில்லை. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. உன்னைக் காணோம். "கண்ணு, கண்ணு" என்று கத்தினேன். பதில் இல்லை. பதில் சொல்ல உனக்கு என்ன இருந்தது, என்னை எப்படிக் கூப்பிடுவது என்றே உனக்குத் தெரியாதே. மாமாவுக்கு என்ன பதில் சொல்லப்போகிறேன்? அழுகை வருகிற மாதிரி ஆகி, என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் "கூ" என்றேன். பக்கத்திலிருந்து, ஒரு மரத்துக்குப் பின்னாலிருந்து, "கூ" என்று வந்தது. அந்தப் பக்கம் போனேன். இந்தப் பக்கம் "கூ". இந்தப் பக்கம் திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் "கூ". குடத்தோடு போய் மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தில் முட்டிக்கொண்டேன். பயத்திலும் கூச்சத்திலும் அந்த மரத்திடம், "மன்னிச்சுக்குங்க, நீங்க நிக்கிறது தெரியலீங்க" என்றேன்.

அப்போதுதான் சிரித்தாய். மூட்டத்துக்குள்ளிருந்து வந்த அந்தச் சிரிப்பை முதல்முறையாகக் கேட்டேன். தொலைந்துபோனது நீ இல்லை, நான்தான் என்று அந்த நேரத்தில் எனக்குப் புரிந்தது. நீ மலையில் பிறந்தவன், மூட்டத்திலும் உனக்கு வழி தெரியும். இரண்டு கற்களை எடுத்து டக் டக் என்று தட்டிக்கொண்டே முன்னால் நடந்தாய். நான் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தேன். வீடு வந்து சேர்ந்ததும் கல்லைப் போட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டாய். ஆனால் அடுத்த தடவை மூட்டம் இறங்கியபோது நீயே வாசலில் போய் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் உலையை இறக்கி வைத்துவிட்டு ஓடினேன். அன்றைக்குச் சாதம் அரைவேக்காடு. அப்பா மோரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார்.

இதிலிருந்து உனக்குச் சொல்ல வருவது இதுதான். சத்யாவுக்கு நன்றாகத் தெரிந்த, உனக்குச் சுத்தமாகத் தெரியாத ஒன்றைத் தேடு. அவளிடம் நீ தொலைந்து போ. கோமதியின் தையல் கடை இருக்கிற கடைத்தெருவில் எந்தச் சந்து எங்கே போகும் என்று அந்தப் பிள்ளைக்கு அத்துப்படி. ஏரிக்குப் போக வழி தெரியாதவன் மாதிரி நடிக்காதே, நடிப்பைக் குழந்தைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். நிஜமாகவே உனக்குத் தெரியாதது எவ்வளவோ இருக்கும். அதைக் கேள்.

அப்புறம் நான் செய்த ஒரு முட்டாள்தனம். நான் பள்ளிக்கூடம் போனதில்லை என்பது உனக்குத் தெரியும். காலண்டர் தாளிலும் மளிகைப் பொட்டலத்திலும் எழுத்துக்கூட்டிப் படித்தவள். கூட்டலும் கழித்தலும் நானாகக் கற்றுக்கொண்டதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. மூட்ட விளையாட்டுக்குப் பிறகு நீ கட்டிலைவிட்டு வெளியே வந்து, வாசலில் கடை வைத்தாய். கொட்டாங்குச்சித் தராசு, ஆரஞ்சுத் தோல்தான் சரக்கு, காப்பி இலைதான் ரூபாய். நான் வாங்கப் போனேன். ஐந்து இலை கொடுத்தேன். நீ ஒரு தோலைக் கொடுத்துவிட்டு, மீதி என்று எட்டு இலையைத் திருப்பிக் கொடுத்தாய். எவ்வளவு பெரிய மனசு! அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? உட்கார்ந்து, "கண்ணு, அஞ்சு குடுத்தா எட்டு எப்புடி மீதி வரும்? எண்ணிப் பாரு" என்று ஆரம்பித்துவிட்டேன். நீ என்னைப் பார்த்தாய். இலையைப் பார்த்தாய். தராசைக் கவிழ்த்தாய். நேராகக் கட்டிலுக்கு அடியில்.

அப்பா வேலையிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஏம்புள்ள, அவன் ஒரு கடைதான் வெச்சிருந்தான். அதையும் திவாலாக்கிட்டியே!" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பொங்கல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

அன்றைக்குப் பூஜையில் முருகன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது அந்த மாம்பழக் கதை ஞாபகம் வந்தது. உலகத்தைச் சுற்றி வரச் சொன்னார்கள். அந்தப் பிள்ளை நிஜமாகவே மயிலேறிச் சுற்றப் போனது. திரும்பி வந்தால் ஆட்டத்தின் கணக்கே மாறியிருந்தது. பழம் போய்விட்டது. அதில் யார் பக்கம் ஞானம் என்று பெரியவர்கள் விளக்கம் சொல்வார்கள், நானும் கைகட்டிக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் எனக்கு அந்தப் பிள்ளையின் முகம்தான் தெரிந்தது. சாமியாகவே இருந்தாலும், விளையாடிக்கொண்டிருக்கும்போது பெரியவர்கள் தங்கள் கணக்கை உள்ளே கொண்டுவந்தால், கோபித்துக்கொண்டு மலையேறிவிடும். நம் வீட்டுப் பிள்ளை கட்டிலுக்கு அடியில் போனதில் என்ன ஆச்சரியம்? "முருகா, எனக்குக் கூட்டத் தெரியாமல் செய்துவிடு, விளையாடுகிற நேரத்துக்கு மட்டும்" என்று வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் கட்டிலுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தேன். உன்னைப் பார்க்கவில்லை. "ஏனுங்க, கடை எப்பத் தொறப்பீங்க?" என்றேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "லீவு."

"நாளைக்குங்க?"

"நாளைக்கும் லீவு."

"அப்ப எஸ்டேட்டாவது தொறந்திருக்குதுங்களா? எனக்கு வேலை வேணுமுங்களே."

அப்புறம் விளக்குமாற்றுக் குச்சி ஒன்றைக் காதில் செருகிக்கொண்டு, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு நீ வெளியே வந்தாய். அப்பா ஆபீஸ் வாசலில் நிற்கிற மாதிரியே, வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றாய். "வரிசையில நில்லு. பேர் கொடு" என்றாய். அன்றைக்குத்தான் நான் உன்னிடம் வேலைக்குச் சேர்ந்தேன்.

அந்த விளையாட்டு எவ்வளவு நாள் ஓடியது! தினமும் காலையில் அப்பா அங்கே நிஜப் பேர் எழுதிக்கொண்டிருக்க, இங்கே நீ எழுதுவாய். வரிசையில் நானும், கோழியும், தண்ணீர்க் குடமும் நிற்போம். நான் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பேர் சொல்லுவேன். "பேரு?" என்பாய். "கத்திரிக்காயிங்க" என்பேன். சிரிக்காமல் உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதுவாய். "ஏன் லேட்டு?" என்பாய். "வழியில ஆமை ஒண்ணு பஸ்ஸை நிறுத்திருச்சுங்க" என்பேன். "அரை நாளு" என்று தீர்ப்பு வரும். எனக்கு என்றைக்குமே அரை நாள்தான். கோழிக்கு முழு நாள். "ஏனுங்க ரைட்டரே, அது கொத்திக்கிட்டுத்தானே நிக்குது?" என்று சண்டை போட்டால், "அது முட்டை போடுது. நீ போடுவியா?" என்பாய்.

யோசித்துப் பார் சாமி. தாய் போனது உன்னைக் கேட்டா? வாழவந்திக்குப் போனது, திரும்பி வந்தது, நான் வந்தது, எதையாவது உன்னைக் கேட்டு யாராவது செய்தார்களா? எல்லாவற்றையும் பெரியவர்களே தீர்மானித்தார்கள். காலையில் அந்தக் கொஞ்ச நேரம்தான் நீ தீர்மானித்தாய். யாருக்கு வேலை, யாருக்கு அரை நாள், யார் நாளைக்கு வர வேண்டும் எல்லாம் உன் கையில். சத்யாவும் அப்படித்தான். தகப்பன் போனதை அவளைக் கேட்கவில்லை. நீ வருவதையும் கேட்கப்போவதில்லை. விளையாட்டிலாவது அவள் சொல்வது நடக்கட்டும். நிறுத்து என்றால் நிறுத்து, பாதியில் என்றாலும். இன்னொரு தடவை என்றால் இன்னொரு தடவை, இடுப்பு வலித்தாலும். எதையும் கற்றுக்கொடுக்காதே. கற்றுக்கொடுக்கப் பள்ளிக்கூடம் இருக்கிறது.

எனக்கு விளையாடத் தெரியாதே என்று நினைப்பாய். உன் அப்பாவும் அதையேதான் சொன்னார். "ஏம்புள்ள, எனக்கு அதெல்லாம் வராது" என்று தள்ளித் தள்ளிப் போனார். "தெரிய வேண்டாமுங்க, சும்மா நில்லுங்க போதும்" என்றேன். மார்கழியில் காப்பி எடுத்து, களத்தில் காயப்போட்டிருந்த நேரம். காயும் கொட்டையைக் காலால் சால் ஓட்டிக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஆள் குறைவு என்று அப்பாவே இறங்கினார். உன்னைத் தூக்கி அவர் பாதத்தின் மேல் நிற்க வைத்தேன். நீ அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொள்ள, அவர் கால் நடக்க, உன் கால் சும்மா வர, இரண்டு பேரும் சேர்ந்து சால் ஓட்டினீர்கள். முதல் இரண்டு சால் நேராகப் போனது. அப்புறம் நீ "இப்புடி, இப்புடி" என்று திருப்ப ஆரம்பித்தாய். அவரும் திரும்பினார். களத்து மேஸ்திரி சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், களம் முழுக்கச் சுழி சுழியாகக் கிடக்கிறது. "ஏனுங்க ரைட்டரே, காப்பி காயப்போட்டிருக்குதுங்களா, கோலம் போட்டிருக்குதுங்களா?" என்று கேட்டான். அப்பா வெட்கப்பட்டு இறங்கப் பார்த்தார். நீ அவர் பாதத்தை விட்டு இறங்கவில்லை. அன்றிலிருந்து அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தை நீட்டி நிற்பார், நீ வந்து ஏறிக்கொள்வாய். இந்தக் கடிதத்தை இதுவரை அவரிடம் படித்துக் காட்டினேன். "களத்துக் கதையை எடுத்துடு, பசங்க படிப்பாங்க" என்றார். எடுக்கவில்லை.

பொங்கல் வந்தது. உன் மாமா கரும்புக் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு வளைவில் வருவதைப் பார்த்ததுமே அகப்பையைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன். பொங்கல் பானை பொங்கி வழிந்ததைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. நீ இன்னும் என்னை ஒரு தடவைகூட அம்மா என்று கூப்பிட்டிருக்கவில்லை. அவர் கேட்டால் நான் என்ன காட்டுவேன்? அவரைக் கண்டதும் நீ ஓடிப்போய்த் தோளில் ஏறிக்கொள்வாய், அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். உன் துணிகளைக்கூட முந்தின நாளே துவைத்து மடித்து வைத்திருந்தேன், கசங்கலாக அனுப்பக் கூடாதே என்று.

நீ அப்போது வாசலில் பேர் எழுதிக்கொண்டிருந்தாய். மாமாவைப் பார்த்துச் சிரித்தாய். ஆனால் ஓடவில்லை. வேலையில் இருந்தாய் இல்லையா? "மாமா, வரிசையில நில்லுங்க" என்றாய்.

மாமா திகைத்துப் போய்க் கோழிக்குப் பின்னால் நின்றார்.

"பேரு?"

"ஏன்டா, உம்மாமனுக்கே பேரு கேக்குறியா?"

"பேரு சொல்லாட்டி ஆப்சென்ட்டு."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேரைச் சொன்னார்.

"எந்த ஊருங்க?"

"வாழவந்திங்க."

"இன்னிக்கு எடமில்ல. நாளைக்கு வாங்க."

"அட! கரும்போட வந்தவனைத் திருப்பி அனுப்புறாரே இந்த ரைட்டரு!" என்று மாமா அப்பாவைப் பார்த்துச் சொன்னார். அப்புறம் சிரிப்பு நின்றது. வாசற்படியில் நின்றுகொண்டிருந்த என்னைக் கையால் காட்டி, மெதுவாக உன்னிடம் கேட்டார். "அந்தம்மாவுக்குப் பேரு எழுதியாச்சா?"

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். காதிலிருந்த குச்சியை எடுத்தாய், மறுபடி செருகினாய். இதுகூடத் தெரியாதா என்கிற குரலில், "அவங்களுக்கு எதுக்குப் பேரு? அவங்க எங்க ஊட்டாளு" என்றாய்.

கரும்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, முகம் கழுவப் போன மாமா நெடுநேரம் கழுவினார். பொங்கலை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாயங்காலம் தனியாகத்தான் கிளம்பினார். போகும்போது என்னைப் பார்த்து, "வரேனுங்க தங்கச்சி" என்றார். அந்த வார்த்தைக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகமில்லை. ஏதோ உளறியிருப்பேன்.

அம்மா என்று நீ எப்போது கூப்பிட்டாய் என்று கேட்பாய். பால்காரன் வராத நாளைக்கூடக் குறித்து வைக்கிறவள் நான். அதை மட்டும் குறிக்கவில்லை. "அம்மா, கோழி அடுப்படிக்குள்ள பூந்துருச்சு!" என்று கத்தினாய். நான் துடைப்பத்தோடு ஓடி, அதைத் துரத்தி, கவிழ்ந்த மாவை அள்ளி, தரையைக் கழுவி, மூச்சு வாங்க உட்கார்ந்த பிறகுதான் என்ன சொல்லிக் கூப்பிட்டாய் என்று யோசித்தேன். அது முதல் தடவைதானா, அதற்கு முன்பே கூப்பிட்டு நான் கவனிக்காமல் விட்டேனா, இன்றைக்கும் தெரியாது.

ஆகையால் கண்ணு, கல்யாணத்தன்று பந்தலில் யாராவது சத்யாவை இழுத்து நிறுத்தி, "இது யாரு சொல்லு, அப்பான்னு சொல்லு" என்று கேட்டால் நீ குறுக்கே போய் வேறு பேச்சு பேசு. அந்தக் கேள்வியை நீயும் கேட்காதே. அவளைப் பெற்றவன் படத்தை எங்கே மாட்டுவது என்று அவளையே கேள். அவள் சொன்ன உயரத்தில் ஆணி அடி. பொம்மை வாங்கிக்கொண்டு போகாதே. வெறுங்கையோடு போய்த் தரையில் உட்கார். அவள் உயரத்துக்கு இறங்கி உட்கார்ந்தாலே பாதி வேலை முடிந்தது. மழை பெய்தால் ஓடையில் இலையை விடலாம். துவைத்த போர்வையை ஆளுக்கு ஒரு முனை பிடித்து மடிக்கலாம், நடுவில் அவள் புகுந்து ஓடட்டும். உப்புமூட்டை தூக்கலாம், ஆனால் அவளாக முதுகில் ஏறும்வரை காத்திரு. இதற்கெல்லாம் காசு வேண்டாம், நேரம் வேண்டும். பட்டறையில் ஓவர்டைம் பார்ப்பதைக் குறைத்துக்கொள். குடும்பச் செலவை எப்படிச் சமாளிப்பது என்பதைக் கோமதியும் நானும் பார்த்துக்கொள்வோம்.

நேற்று பஜாருக்குப் போயிருந்தேன். ரவிக்கை அளவு கொடுக்கிற சாக்கில் கோமதியின் தையல் கடைக்குள் நுழைந்தேன். நுழைய முடியவில்லை. ஸ்டூல், தகரப்பெட்டி, துணி மூட்டை எல்லாம் வரிசையாக நின்றன. முன்னால் சத்யா, கையில் எம்பிராய்டரி வளையம். சேலத்திலிருந்து ஏற்காடு வருகிற பஸ்ஸாம். அடிவாரம் தாண்டியாயிற்றாம். "ஏறுங்க, ஏறுங்க, படியில நிக்காதீங்க" என்று அதட்டினாள். தகரப்பெட்டியில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் எல்லோரும் சாய வேண்டும். நான் சாய்ந்தேன், கோமதி மிஷினில் உட்கார்ந்தபடியே சாய்ந்தாள், பாவாடை வாங்க வந்த ஒரு டீச்சரம்மாகூட, பையை மார்போடு அணைத்துக்கொண்டு சாய்ந்தார். என் மூக்குக் கண்ணாடி கழன்று விழுந்தது. "ரோட்டுல எதையும் போடாதீங்க" என்று திட்டு வேறு.

ஐந்தாறு வளைவு போனதும் மெதுவாகக் கேட்டேன். "ஏனுங்க டிரைவரே, ஞாயித்துக்கெழமை எம்பையன் சேலத்துலிருந்து வருவானுங்க. அவனுக்கு ஒரு சீட்டு கெடைக்குமுங்களா?"

மிஷின் சத்தம் நின்றுவிட்டது. கோமதி நிமிர்ந்து பார்க்கவில்லை, ஆனால் கேட்டுக்கொண்டிருந்தாள். சத்யா வளையத்தைத் திருப்பிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "சீட்டெல்லாம் ஃபுல்லு" என்றாள். இன்னொரு வளைவு வந்தது. எல்லோரும் சாய்ந்து நிமிர்ந்தோம். அப்புறம் அவளாகவே சொன்னாள். "நின்னுக்கிட்டு வரச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்கே வந்துவிடு, சாமி. கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். அந்தப் பிள்ளை வளைவில் வேகத்தைக் குறைப்பதே இல்லை.

உன் அம்மா